திருச்செந்தூர், கன்னியாகுமரி, ராமேஸ்வரம்: எது தலபுராணம், எது நடந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

செவ்வாய்ப்பேட்டைக்காரன்

காலாண்டு லீவுக்குக் குடும்பத்தோடு வேனில் கிளம்புகிறோம். சேலம், கரூர், திண்டுக்கல், மதுரை வழியாக முதலில் திருச்செந்தூர், அப்புறம் கன்னியாகுமரி, திரும்பும்போது ராமேஸ்வரம். ரூட், ரூம் எல்லாம் முடிவாகிவிட்டது, அதைப் பற்றிக் கேட்கவில்லை. வீட்டில் ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள், அதுதான் பிரச்சினை. டச்சுக்காரன் முருகனைக் கப்பலில் தூக்கிக்கொண்டு போனதை அம்மா பக்கத்திலிருந்து பார்த்தவர் மாதிரி சொல்கிறார். தம்பி எல்லாமே கட்டுக்கதை என்கிறான். எட்டாவது படிக்கிற என் பெண் இரண்டு பேரையும் நிறுத்தி "எந்த வருஷம்?" என்று கேட்கிறாள், பதில் சொல்ல ஆளில்லை. இது போதாதென்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒரு அதிசயம் வருகிறது.

சாமி இருக்கிறதா இல்லையா என்ற சண்டைக்கு இங்கே வேறு இழைகள் நிறைய ஓடுகின்றன. இங்கே அது வேண்டாம். கடலோரக் கோயில் கதைகளில் நடந்தது எவ்வளவு, மேலே சேர்ந்தது எவ்வளவு என்று மட்டும் பேசலாம்.

ஓய்வு_வாத்தியார்

தம்பி, உங்கள் அம்மா சொல்வதில் பாதிக்கு மேல் வரலாறு. 1640-களின் பிற்பகுதியில், மதுரையில் திருமலை நாயக்கர் ஆண்ட காலம். முத்துக்குளித்துறைக் கடற்கரையில் போர்ச்சுக்கீசியருக்கும் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் போட்டி. தூத்துக்குடி அப்போது போர்ச்சுக்கீசியர் கையில், 1658-ல்தான் அது டச்சுக்காரர்களிடம் போகிறது. அந்தச் சண்டையின் நடுவே டச்சுப் படை திருச்செந்தூர் கோயிலைப் பிடித்துக் கோட்டையாக வைத்துக்கொண்டது. போகும்போது சண்முகர், நடராஜர் உற்சவ மூர்த்திகளை எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினார்கள். இதுவரை நடந்தது.

இதற்கு மேல்தான் கோயில் மரபு வருகிறது. நடுக்கடலில் புயல் அடிக்க, பயந்துபோய் மூர்த்திகளைக் கடலில் போட்டார்கள். திருநெல்வேலியில் நாயக்கரின் அதிகாரியாக இருந்த வடமலையப்ப பிள்ளையின் கனவில் முருகன் வந்து, கடலில் எலுமிச்சம்பழம் மிதக்கும், மேலே கருடன் வட்டமிடும், அந்த இடத்தில் தேடு என்றார். அப்படியே கிடைத்தது, 1653-ல் திரும்பப் பிரதிஷ்டை ஆனது. வடமலையப்ப பிள்ளை கற்பனை ஆள் இல்லை. அவர் பெயரில் மண்டபமே அங்கே இருக்கிறது. பெண்ணிடம் 1653 என்று சொல்லுங்கள், ஆனால் எலுமிச்சம்பழத்தைத் தனியாக எடுத்து வைத்துச் சொல்லுங்கள்.

தறிச்சத்தம்

வாத்தியார் சார், வருஷம் போட்டுவிட்டால் கதை வரலாறாகிவிடுமா? கப்பலில் ஏற்றினது சரி, கடலில் போட்டதற்கும் எடுத்ததற்கும் சாட்சி யார்? காசு கொடுத்தே மீட்டிருக்கலாமே. அந்தக் காலத்தில் சாமி சிலையைப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்பது நடக்காத விஷயமா?

ஓய்வு_வாத்தியார்

அப்படியும் இருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். மூர்த்தி கோயிலை விட்டுப் போனதை இந்தக் கதை மறைக்கவே இல்லை. பெருமைக்காக இட்டுக்கட்டுகிறவன், பகைவன் வந்தான், கண் போயிற்று, ஓடினான் என்று எழுதியிருப்பான். இங்கே சாமியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், சில வருஷம் கோயிலில் அந்த மூர்த்தி இல்லை, ஒரு அதிகாரி தேடி மீட்டார் என்று கோயிலே ஒப்புக்கொள்கிறது. அவமானத்தை உள்ளே வைத்துக்கொண்டு ஒரு கதை நிற்கிறது என்றால் அதன் அடியில் ஏதோ கெட்டியாக இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

ரிக்கு_வண்டி

நமக்குக் கதையெல்லாம் அவ்வளவு தெரியாதுங்க. போர்வெல் போடுற தொழில், சங்ககிரி பக்கம். திருச்செந்தூர் போனால் நாழிக்கிணற்றை விட்டுவிடாதீர்கள், அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கடலிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. படி இறங்கிப் போனால் பெரிய கிணறு, அதற்குள்ளே ஒரு சின்னக் கிணறு. கையை நீட்டினால் நாலு பக்கமும் தொட்டுவிடலாம், அவ்வளவுதான் அகலம். சின்னதில் தண்ணீர் நல்ல தண்ணீர். சூரசம்ஹாரம் முடிந்து படைக்குத் தாகம் எடுத்தபோது முருகன் வேலால் குத்தி வரவழைத்த ஊற்று என்பது கதை. நம்ம ஊரில் எண்ணூறு அடி, ஆயிரம் அடி இறக்கியும் தண்ணீர் வராமல் புழுதிப் புகையைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு வருகிறவனுக்கு, கடலுக்குப் பக்கத்தில் இத்தனூண்டு குழியில் நல்ல தண்ணீர் என்றால் வயிறு எரியத்தான் செய்யும்.

சங்கதி இதுதான். கடற்கரை மணலில் பெய்கிற மழை நேராகக் கீழே இறங்கும். உப்புத் தண்ணீர் கனம், மழைத்தண்ணீர் லேசு. அதனால் எண்ணெய் மிதக்கிற மாதிரி நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் மேலேயே தங்கிவிடும். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்று ஒரு கணக்கே இருக்கிறது. ஆனால் பேராசைப்பட்டு மோட்டார் போட்டு உறிஞ்சினால் அடியிலிருந்து உப்பு ஏறி வந்துவிடும், பிறகு அந்தக் கிணறு அவ்வளவுதான். சொம்பில் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டால்தான் நிலைக்கும். தனுஷ்கோடியில் பாருங்கள், மீனவப் பெண்கள் கடலுக்குப் பக்கத்து மணலைக் கையால் பறித்துக் குழி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மெதுவாக ஊறும், கொட்டாங்கச்சியோ கிண்ணமோ வைத்து மொண்டு குடத்தில் ஊற்றிக் கொண்டுபோவார்கள். ராமேஸ்வரம் கோயிலுக்குள்ளே 22 தீர்த்தம் இருப்பதும் மணல் தீவில்தானே?

கொண்டலாம்பட்டி_அக்கா

ரிக்குத் தம்பி, நல்லாச் சொன்னீங்க. வேலால் குத்தினார் என்பதை நான் விடமாட்டேன், ஆனால் அந்த நாற்பது அடிக் கணக்கையும் பேரனிடம் சொல்லப் போகிறேன்.

தட்டுவடை_செட்

சுனாமி விஷயத்துக்கு வருவோம். "2004-ல் எல்லா ஊரும் அழிந்தது, திருச்செந்தூரில் மட்டும் கடல் பின்வாங்கி முருகனை வணங்கிவிட்டுப் போனது" என்று எங்கள் குழுவிலும் வருஷா வருஷம் டிசம்பரில் வரும். உண்மையா?

தறிச்சத்தம்

இதற்குத்தான் காத்திருந்தேன். படத்தை எடுத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 அலை சுமத்ரா பக்கமிருந்து வந்தது. திருச்செந்தூர், தூத்துக்குடி எல்லாம் மன்னார் வளைகுடாவில், இலங்கையின் முதுகுக்குப் பின்னால். நாகப்பட்டினம் நேர் எதிரே திறந்து கிடக்கிறது, அதனால்தான் அங்கே அவ்வளவு சாவு. இலங்கையின் தெற்கு முனையைச் சுற்றி வளைந்து வந்த அலை கன்னியாகுமரி, குளச்சல் பக்கம் அடித்தது. விவேகானந்தர் பாறையில் நூற்றுக்கணக்கான பேர் கரைக்கு வர முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். கடல் பின்வாங்குவது சுனாமி வருகிற பல இடங்களில் நடப்பதுதான்.

எனக்குக் கோபம் வருவது ஒரே விஷயத்தில். முருகன் காப்பாற்றினார் என்று ஒருவர் நம்பினால் அது அவர் பாடு. ஆனால் அந்தச் செய்தியைப் படிக்கிற நாகப்பட்டினத்துக்காரன் மனசு என்ன பாடுபடும்? அங்கேயும் சிவன் இருக்கிறார், பெருமாள் இருக்கிறார், பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா இருக்கிறார். அவர்கள் எல்லாம் கைவிட்டுவிட்டார்கள் என்றா சொல்கிறீர்கள்?

தட்டுவடை_செட்

இனிமேல் அந்தச் செய்தியை ஃபார்வேர்டு பண்ண மாட்டேன் சாமி.

ஓய்வு_வாத்தியார்

தறிச்சத்தம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கடல் அங்கே வராது என்பதும் இல்லை. சமீப வருஷங்களில் கோயில் முன்னாலேயே கடல் அரிப்பு. படிக்கட்டுக்குக் கீழே மணல் பள்ளமாகி, குளிக்க இறங்குவதே சிரமமாக இருந்த நாட்கள் உண்டு. மணல் போனதும் பழைய தீர்த்தங்களின் பெயர் செதுக்கிய கற்கள் வெளியே தெரிந்ததாகச் செய்திகள் வந்தன. கடல் அழிக்கவும் செய்கிறது, மறைத்து வைத்ததைத் திருப்பிக் காட்டவும் செய்கிறது.

மேட்டூர்_உபரிநீர்

மறைத்து வைத்தது என்றதும் ஞாபகம் வருகிறது. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயில் மாதிரி ஏழு இருந்தன, ஆறு கடலுக்குள் போய்விட்டன என்று ஒரு கதை உண்டல்லவா? ஐரோப்பிய மாலுமிகள் அந்த ஊரையே ஏழு கோயில் என்றுதான் அழைத்தார்கள். 1788-லேயே வில்லியம் சேம்பர்ஸ் என்கிற ஆங்கிலேயர், உள்ளூர் மக்களிடம் கேட்ட கதைகளோடு சேர்த்து அச்சில் எழுதிவிட்டார். வெறும் கதை என்று ரொம்ப காலம் தள்ளி வைத்திருந்தார்கள். 2002-ல் கடலுக்குள் இறங்கித் தேடியபோது கட்டடச் சிதைவுகள் தெரிந்தன. 2004 சுனாமி மணலை வாரிக்கொண்டு போனதும் கரையிலேயே செதுக்கிய பாறைகள் வெளிவந்தன. அடுத்த வருஷமே தொல்லியல் துறை தோண்டி, பக்கத்தில் இன்னொரு கோயிலின் அடித்தளத்தைக் கண்டது. ஏழு என்ற எண்ணிக்கைக்கு இன்னும் ஆதாரம் கிடையாது. ஒன்றுக்கு மேல் இருந்தது என்பதற்கு இருக்கிறது. இப்போது நிற்கிற கோயில் ராஜசிம்ம பல்லவன் காலம், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம்.

நம்ம ஊரிலேயே இதை நேரில் பார்க்கலாம். மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது. தண்ணீர் இறங்குகிற வருஷம் பண்ணவாடி பக்கம் போனால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலையை நீட்டிக்கொண்டு நிற்கும், கொஞ்சம் தள்ளிப் பழைய சர்ச்சின் கோபுரமும் தெரியும். நமக்கு வருஷம் தெரியும், எந்த ஊர் ஜனம் எங்கே குடிபோனது என்பதும் தெரியும், அதனால் யாரும் அதிசயம் என்று சொல்வதில்லை. எல்லா காகிதமும் தொலைந்து போய் ஐந்நூறு வருஷம் ஓடட்டும், சாபத்தால் ஊர் முழுகியது என்று ஒரு தலபுராணம் கட்டாயம் முளைக்கும்.

ஏற்காட்டுக்குளிர்

எங்கள் சேர்வராயன் கோயில் குகையைப் பற்றியும் இப்படி ஒன்று உண்டு. உள்ளே போனால் வழி காவிரிக்கே போய்ச் சேருமாம். மலை உச்சியில் சேர்வராயனுக்குப் பக்கத்தில் காவிரி அம்மன்! மழைத்தண்ணீரை நம்பி வாழும் மலை ஜனம் ஆற்றை அம்மனாக்கிப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டது. குனிந்துதான் உள்ளே போக வேண்டும், மேலே பாறையிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். சரி, இழையைத் திசை திருப்பவில்லை, நீங்கள் கன்னியாகுமரிக்குப் போங்கள்.

கொண்டலாம்பட்டி_அக்கா

கன்னியாகுமரி நான் சொல்கிறேன். பாணாசுரனுக்குக் கன்னிப் பெண் கையால்தான் சாவு என்று வரம். அவனை முடிக்கவே பிறந்தவள் குமரி. ஆனால் சுசீந்திரம் சிவனுக்கு அவள்மேல் ஆசை வந்து, கல்யாணம் நிச்சயமாகி, விடிவதற்குள் முகூர்த்தம். கல்யாணம் நடந்துவிட்டால் அசுரன் சாகமாட்டான் என்று நாரதர் நடு வழியில் சேவல் மாதிரி கூவிவிட்டார். முகூர்த்தம் தப்பிவிட்டது என்று மாப்பிள்ளை சுசீந்திரத்துக்கே திரும்பிவிட்டார். இங்கே மணப்பெண் அலங்காரத்தோடு காத்திருந்தாள். சமையலுக்கு வைத்திருந்த அரிசி, பருப்பு, குங்குமம் எல்லாம் வீசி எறியப்பட்டு மணலாகிவிட்டது. அதனால்தான் அங்கே மணல் சிவப்பும் கறுப்பும் அரிசி நிறமுமாக இருக்கிறது. அவள் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கப்பல்கள் பாறையில் மோதின என்று கிழக்கு வாசலைச் சாத்தியே வைத்திருக்கிறார்கள், சில விசேஷ நாட்களில்தான் திறப்பார்கள்.

சின்ன வயதில் இது அசுரனைக் கொன்ற வீரக் கதையாகத் தெரிந்தது. இப்போது கேட்டால், சுற்றியிருந்தவர்கள் எல்லாம் ஒரு காரியத்துக்காக அந்தப் பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்த கதையாகத்தான் தெரிகிறது. சாமி மன்னிக்கட்டும்.

ரிக்கு_வண்டி

மணல் நிறத்துக்கு நான் பதில் சொல்லட்டுமா? சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட். மலையிலிருந்து ஆறு அரித்துக்கொண்டு வந்ததைக் கடல் அலை கனம் பார்த்துப் பிரித்து வரி வரியாக ஒதுக்கும். மணவாளக்குறிச்சியில் மத்திய அரசு நிறுவனம் இந்த மணலிலிருந்து தாது பிரிக்கிறது. கஞ்சமலையில் இரும்பு, ஏற்காட்டில் பாக்சைட், வெள்ளக்கல்பட்டி பக்கம் மேக்னசைட் என்று பார்த்து வளர்ந்த நமக்கு மண்ணில் நிறம் இருப்பது புதுசா என்ன!

ஓய்வு_வாத்தியார்

அக்கா சொன்ன கதைக்கு வயசு தெரிந்தால் ஆச்சரியப்படுவீர்கள். கிபி முதல் நூற்றாண்டில், கிரேக்க மொழியில், எகிப்துப் பக்கத்து வணிகர் ஒருவர் எழுதி வைத்த கடல்வழிக் குறிப்பு ஒன்று இருக்கிறது. செங்கடல் செலவு என்று தமிழில் சொல்வார்கள். எந்தத் துறையில் மிளகு கிடைக்கும், எங்கே முத்து கிடைக்கும் என்று சரக்குக் கணக்காகவே போகும். நடுவில் குமரி வந்ததும் மட்டும், இங்கே ஆண்களும் பெண்களும் வந்து நீராடித் திருமணம் இல்லாமல் விரதம் இருக்கிறார்கள், ஒரு பெண் தெய்வம் இங்கே தங்கி நீராடியதாகச் சொல்கிறார்கள் என்று எழுதுகிறார். பாணாசுரன் இல்லை, நாரதர் இல்லை, மூக்குத்தி இல்லை. கன்னித் தெய்வமும் கடல் நீராடலும் மட்டும் இருக்கின்றன. மற்றதெல்லாம் பிறகு சேர்ந்திருக்கலாம், ஆனால் நடுக்கரு இரண்டாயிரம் வருஷமாக நகரவில்லை.

தறிச்சத்தம்

இது எனக்குப் புதுசு. இதுதான் சார் ஆதாரம், எலுமிச்சம்பழம் இல்லை.

மேட்டூர்_உபரிநீர்

செவ்வாய்ப்பேட்டைக்காரரே, இந்த முறை முடியாவிட்டாலும் மாசி மகத்துக்கு ஒரு தடவை காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினம் போய்ப் பாருங்கள். திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் அங்கே கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். கோயில் கதைப்படி பெருமாள் பத்மினி என்கிற மீனவத் தலைவர் மகளைக் கட்டியவர். அதனால் கரையில் காத்திருக்கிற மீனவர்கள் "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டே வரவேற்பார்கள், தோளில் தூக்கிக்கொண்டு மணலில் நடப்பார்கள். கோயில்களில் யார் எதுவரை வரலாம் என்று சண்டை போட்ட நாட்டில், வருஷத்தில் ஒரு நாள் சாமியே மாமனார் ஊருக்கு வந்து நிற்கிறார். நடந்ததா இல்லையா என்று இந்தக் கதையை நான் கேட்கவே மாட்டேன். அது ஒரு உரிமைப் பத்திரம்.

நாகப்பட்டினத்தில் அதிபத்த நாயனாருக்கும் இப்படித்தான். வலையில் விழுகிற மீனில் ஒன்றைத் தினமும் சிவனுக்கென்று கடலில் விட்டவர். பல நாள் ஒரே ஒரு மீன்தான் சிக்கியது, வீட்டில் பட்டினி, அதையும் விட்டார். கடைசியில் ரத்தினம் பதித்த பொன் மீன் சிக்கியது, அதையும் விட்டார். ஆவணி மாதம் கடலில் படகு இறக்கி இன்றைக்கும் அதை நடத்திக் காட்டுகிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்

அருமைங்க. ராமேஸ்வரம் மட்டும் பாக்கி. ராமர் லிங்கம் வைத்தது ராமாயணத்தில் இருக்கிறதா என்று தம்பி கேட்கிறான்.

ஓய்வு_வாத்தியார்

வால்மீகியில், சீதை மணலில் லிங்கம் பிடித்தது, அனுமன் கைலாயத்திலிருந்து லிங்கம் கொண்டுவரத் தாமதமானது எல்லாம் கிடையாது. புஷ்பக விமானத்தில் திரும்பும்போது ராமர் சேதுவைக் காட்டி, இங்கே மகாதேவர் எனக்கு அருள் செய்தார் என்று சொல்கிற ஒரு வரி மட்டும் உண்டு. விரிவான கதை ஸ்காந்த புராணத்தின் சேது மாகாத்மியத்தில் வருகிறது. ஆனால் ஏழாம் நூற்றாண்டிலேயே அப்பரும் சம்பந்தரும் ராமேஸ்வரத்தைப் பாடும்போது, ராவணனைக் கொன்ற பிறகு ராமர் வழிபட்ட இடம் என்றே பாடுகிறார்கள். ஆகவே தம்பி நினைப்பதுபோல் நேற்று கிளப்பிவிட்ட கதை இல்லை. அனுமன் கொண்டுவந்த விஸ்வலிங்கத்துக்குத்தான் இன்றைக்கும் முதல் பூஜை. தாமதமாக வந்தவன் மனம் நோகக்கூடாது என்று ராமர் சொன்னதாம். எனக்கு அந்தத் தலத்திலேயே பிடித்த விஷயம் இதுதான்.

நீங்கள் பார்க்கப்போகிற பிரகாரத் தூண்கள் ராமர் காலம் இல்லை, பெரும்பகுதி ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் கட்டியது. மணல் தீவில் அவ்வளவு கருங்கல் ஏது? எல்லாம் கடல் தாண்டி வந்த கல். மூன்றாம் பிரகாரத்தின் ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனை சின்னதாகிக்கொண்டே போகும். பெண்ணை அங்கே ஐந்து நிமிஷம் சும்மா நிற்க விடுங்கள், வழிகாட்டி பேச்சு வேண்டாம்.

தறிச்சத்தம்

தனுஷ்கோடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராமர் வில் நுனியால் பாலத்தை உடைத்த இடம் என்பது கதை. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் ஊரும், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் போனது நடந்தது. ஸ்டேஷன் சுவர், சர்ச் சுவர் இன்னும் நிற்கின்றன. விபீஷணனுக்குப் பட்டம் கட்டிய இடம் என்கிற கோதண்டராமர் கோயில் அந்தப் புயலிலும் தப்பியது. ஏன் தப்பியது என்று என்னிடம் கேட்காதீர்கள், அக்கா ஒரு பதில் வைத்திருப்பார்.

கொண்டலாம்பட்டி_அக்கா

வைத்திருக்கிறேன், சொல்லமாட்டேன் 😄

வேலைக்கு ஆகிறதைச் சொல்கிறேன். ராமேஸ்வரத்தில் முதலில் அக்னி தீர்த்தம், அதாவது கடல், அப்புறம்தான் உள்ளே 22 கிணறு. வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார்கள். தரை முழுக்க வழுக்கும், அம்மா கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணியோடு சன்னதிக்கு விடமாட்டார்கள், ஆளுக்கு ஒரு செட் மாற்றுத்துணி தனிப் பையில் இருக்கட்டும். விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனம் வேண்டுமென்றால் அதை முடித்துவிட்டுக் குளிக்கப் போகலாம். திருச்செந்தூரில் பன்னீர் இலையில் மடித்துத் தருகிற விபூதியை வாங்க மறக்காதீர்கள். மேலக் கோபுரம் கட்டினபோது தேசிகமூர்த்தி சுவாமிகள் இந்த இலை விபூதியைத்தான் கூலியாகக் கொடுத்தாராம். தூண்டுகை விநாயகர் கோயில் தாண்டிப் பிரித்தால் அவரவர் உழைப்புக்கு ஏற்ற காசாக இருக்குமாம்.

தறிச்சத்தம்

உழைப்புக்கு ஏற்ற கூலியா? அப்போ இது நிச்சயம் புராணம்தான்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்

😂 அண்ணா! எல்லாருக்கும் நன்றி. பெண் இப்போது நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுத ஆரம்பித்துவிட்டாள், பக்கத்திலேயே உட்கார்ந்து பாட்டி திருத்திக்கொண்டிருக்கிறார். ஒரே சந்தேகம், தனுஷ்கோடிக்குச் சாயங்காலம் எத்தனை மணி வரை வண்டியை விடுகிறார்கள்?

மேட்டூர்_உபரிநீர்

இருட்டுவதற்கு முன்பே செக்போஸ்ட்டில் நிறுத்திவிடுவார்கள், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கிளம்பிவிடுங்கள். கோதண்டராமர் கோயில் போகிற வழியிலேயே வரும். குடிக்கத் தண்ணீர் வேனில் நிறைய வைத்துக்கொள்ளுங்கள், அங்கே நிழலுக்கும் வழியில்லை.